செத்துப்போன பாம்பில் புது வைரஸ் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பிசிஆர் டெஸ்ட் போதாதா?

போதாது. பிசிஆருக்குப் பிரைமர் வேண்டும், அதாவது வைரஸின் மரபணுவில் போய் ஒட்டி நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் சிறு துண்டு. பிரைமர் எழுத அந்த வைரஸின் மரபணு வரிசை முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதுவரை யாரும் பார்க்காத வைரஸ் என்றால் பிசிஆர் 'நெகட்டிவ்' என்றுதான் சொல்லும். அதற்குப் பாம்பில் வைரஸே இல்லை என்று பொருள் கிடையாது, நாம் தேடிய வைரஸ் இல்லை என்று மட்டுமே பொருள்.

கேள்வியைப் பார்த்தால் உங்கள் பாம்பு ஒன்று செத்து, 'எல்லா டெஸ்டும் நெகட்டிவ்' என்று பதில் வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. பால் பைத்தான் (ball python, வெளிநாட்டு மலைப்பாம்பு வகை) அல்லது போவா (மலைப்பாம்பு போல இரையை நெரித்துக் கொல்லும் வெளிநாட்டுப் பாம்பு) என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். (நம் நாட்டு மலைப்பாம்பு என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்கவே கூடாது. அது தனிப் பேச்சு.) இன்னொன்று, 'நச்சுயிரி' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். பாம்பைப் பற்றிய பதிலில் அந்தச் சொல் வந்தால் பாதிப் பேர் விஷப் பாம்பு என்றே படிப்பார்கள். போவாவுக்கும் மலைப்பாம்புக்கும் விஷம் கிடையாது.

பெரும்பாலான தேடல்கள் தோற்பது லேபில் அல்ல, பாம்பு செத்த முதல் நாளிலேயே. எல்லாரும் உடலை நேராக ஃப்ரீசரில் வைக்கிறார்கள். உறையும்போது பனித்துகள்கள் செல்களைக் கிழித்துவிடும். அதன்பின் மைக்ரோஸ்கோப்பில் திசுவைப் படிக்க முடியாது. ஓரிரு நாளில் பிரேதப் பரிசோதனை நடக்கும் என்றால் 4 டிகிரியில், சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். அறுக்கும்போது ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் இரண்டு துண்டு எடுக்க வேண்டும். ஒன்று 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில், திசுவைப் போலப் பத்து மடங்கு திரவத்தில். இன்னொன்று ஆர்என்ஏ கெடாமல் காக்கும் திரவத்தில். இந்த இரண்டாவது துண்டு அரை சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திரவம் நடுப்பகுதிக்குப் போவதற்குள் உள்ளே ஆர்என்ஏ சிதைந்திருக்கும். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு, பிறகு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். மூளை, கல்லீரல், சிறுநீரகம், கணையம், உணவுக்குழாய், மூச்சுக்குழாய், நுரையீரல் எல்லாம் வேண்டும். நுரையீரலில் முன்பகுதியை எடுங்கள். பின்பகுதி வெறும் காற்றுப்பை மாதிரி மெல்லிய சவ்வு, அதில் அவ்வளவாக ஒன்றும் கிடைக்காது. உறுப்புக்கு உறுப்பு பிளேடை மாற்ற வேண்டும்.

உயிரோடு இருக்கும் பாம்பு என்றால் வாய்க்குள்ளிருந்து ஸ்வாப், கூடவே கொஞ்சம் ரத்தம். மரக்குச்சி ஸ்வாபும் கால்சியம் ஆல்ஜினேட் ஸ்வாபும் பிசிஆரைக் கெடுக்கும். பாலியஸ்டர் முனை, பிளாஸ்டிக் குச்சி வாங்குங்கள்.

லேபில் ஆர்என்ஏவைப் பிரித்து, டிஎன்ஏஸ் போட்டு டிஎன்ஏவை ஒழித்து, எந்த வைரஸையும் குறிவைக்காத ரேண்டம் பிரைமரால் நகலெடுத்து, உள்ளதை எல்லாம் சீக்வென்ஸ் செய்கிறார்கள், அதாவது எழுத்து எழுத்தாக வரிசையைப் படிக்கிறார்கள். வருவதில் மிகப் பெரும்பகுதி பாம்பின் சொந்த ஆர்என்ஏ. அதிலும் பெரும்பங்கான ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் கிட்கள் பெரும்பாலும் மனிதனுக்கும் எலிக்கும் செய்தவை, பாம்பில் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். ரத்தத்தில் இன்னொரு தொல்லை உண்டு: ஊர்வனவற்றின் சிவப்பணுவில் நியூக்ளியஸ் இருக்கிறது, அதனால் பாம்பின் டிஎன்ஏவும் ஏராளமாகக் கலந்து வரும்.

பிறகு கம்ப்யூட்டர் வேலை. அடாப்டரை (சீக்வென்ஸ் செய்வதற்காக லேபில் ஒட்டிய செயற்கைத் துண்டை) வெட்டி, போவா அல்லது மலைப்பாம்பு ஜீனோமோடு (முழு மரபணு வரிசையோடு) பொருந்துவதைக் கழித்து, மிஞ்சிய துண்டுகளை நீள வரிசைகளாகக் கோக்க வேண்டும். கோத்ததை நியூக்ளியோடைடு அளவில் மட்டும் ஒப்பிட்டுவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று மூடிவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தப்பு. உண்மையிலேயே புதிய வைரஸ் அந்த அளவில் எதோடும் ஒத்துப்போகாது. வரிசையை மும்மூன்று எழுத்தாகப் படிக்கக்கூடிய ஆறு சட்டகங்களிலும் புரதமாக மொழிபெயர்த்துத் தேட வேண்டும். வைரஸின் மரபணுவை நகலெடுக்கும் பாலிமரேஸ் புரதம் மெதுவாக மாறுவது. தூரத்து உறவைக் கூட அது காட்டிக்கொடுக்கும்.

கூடவே வெறும் தண்ணீரையும் ஒரு சாம்பிளாக ஆரம்பம் முதல் கடைசி வரை ஓட்ட வேண்டும். இது வீண் செலவு என்று சொல்பவர்கள் உண்டு. கல்லீரல் அழற்சி நோயாளிகளில் கிடைத்ததாகச் சொன்ன ஒரு 'புது வைரஸ்', நியூக்ளிக் அமிலம் பிரிக்கும் சிலிக்கா வடிகுழாயிலிருந்தே (column) வந்தது என்று 2013இல் தெரியவந்தது. தண்ணீரிலும் அது இருந்தது.

இத்தனையும் செய்து ஒரு வரிசை கிடைத்தால், அது சந்தேகத்துக்குரிய ஆள் மட்டுமே. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். போவாக்களைக் கொல்லும் இன்க்ளூஷன் பாடி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு தின்றதைக் கக்கும், தலையை வானம் பார்க்கத் திருப்பி வைத்திருக்கும், மல்லாக்கப் போட்டால் திரும்பிப் படுக்கத் தெரியாமல் கிடக்கும். திசுவை ஹெமடாக்சிலின்-இயோசின் சாயத்தில் பார்த்தால் கல்லீரல் செல்லுக்குள் ரோஜா நிறத்தில் உருண்டைக் கட்டிகள் தெரியும், அவைதான் 'இன்க்ளூஷன் பாடி'. 1970களிலிருந்து தெரிந்த நோய் இது. நீண்ட காலம் ரெட்ரோவைரஸ் (தன் மரபணுவைச் செல்லின் டிஎன்ஏவுக்குள் நுழைத்துவிடும் வகை) மேல்தான் பழி விழுந்தது, காரணம் நோயுற்ற பாம்புகளில் அது கிடைத்துக்கொண்டே இருந்தது. ஆனால் மலைப்பாம்பின் ஜீனோமுக்குள்ளேயே பரம்பரையாகப் பதிந்த ரெட்ரோவைரஸ் ஒன்று உண்டு என்று 2002இல் வெளியானது. அப்படிப்பட்டது நோயில்லாத பாம்பிலும் கிடைக்கும்! நோயற்ற பாம்பை ஒப்பிட்டுப் பார்க்காத எந்த முடிவையும் நம்பாதீர்கள்.

2012இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்துக் குழு மேலே சொன்ன வழியில் தேடி, அரீனாவைரஸ்களைக் கண்டது. ஒன்றுக்கு கோல்டன் கேட் வைரஸ் என்று பெயர். அதுவரை அரீனாவைரஸ் பாலூட்டிகளில், முக்கியமாக எலி வகைகளில் மட்டுமே தெரிந்தது. அந்தக் குழு வரிசையோடு நிற்கவில்லை. போவாவின் சிறுநீரகத்திலிருந்து செல் லைன் (லேபில் தொடர்ந்து பெருகும் செல்கள்) உருவாக்கி, 30 டிகிரியில் வைரஸை வளர்த்துக் காட்டியது. பாம்பு வைரஸை வளர்க்கத் தெரியாமல் 37 டிகிரியில் வைத்துவிட்டு 'வளரவில்லை' என்பவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. 2015இல் இன்னொரு சிக்கல் தெரிந்தது: அரீனாவைரஸின் ஜீனோம் எல் (பெரியது), எஸ் (சிறியது) என்று இரண்டு துண்டு, ஒரே பாம்பில் பல வகை எல் துண்டுகளும் எஸ் துண்டுகளும் கலந்து கிடக்கலாம். கோக்கும் மென்பொருள் இரண்டு வகையை ஒட்டி இல்லாத வைரஸை உருவாக்கிவிடும். ரீட்களை (சீக்வென்ஸில் கிடைத்த சிறு துண்டுகளை) மறுபடி பொருத்தி ஒவ்வோர் இடத்திலும் ஆழம், அதாவது அங்கே பொருந்தும் துண்டுகளின் எண்ணிக்கை, சீராக இருக்கிறதா என்று பார்க்காமல் வெளியிடவே கூடாது.

பால் பைத்தான் மூச்சு நோய் இதைவிடத் தெளிவான கதை. 2014இல் வெவ்வேறு குழுக்கள் நோயுற்ற பாம்புகளில் நிடோவைரஸ் என்ற வகையைக் கண்டன. ஜீனோம் சுமார் 33,500 எழுத்துகள், அன்றைக்குத் தெரிந்த ஆர்என்ஏ வைரஸ்களில் மிக நீளம். அதுதான் காரணம் என்று உறுதியானது 2018இல், வளர்த்த வைரஸை ஆரோக்கியமான பாம்புகளுக்குக் கொடுத்து, வாய் சிவந்து, சளி கட்டி, வாயைத் திறந்து மூச்சுவிடும் அதே நோய் வந்தபோது. 'ஆராய்ச்சிக்காகப் பாம்பைக் கொல்வதா' என்று கேட்பீர்கள். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தச் சில பாம்புகள் இல்லாவிட்டால் காரணம் தெரியாமல் கூட்டம் கூட்டமாகச் சாவது தொடரும்.

கோல்டன் கேட் வைரஸின் மேற்புறப் புரதம் எபோலா குடும்பத்தைப் போல இருப்பதால் 'எபோலா பாம்பு' என்று பயமுறுத்துகிறார்கள். அந்த ஒற்றுமை ஒரு புரதத்தில் மட்டும். இவ்வகை வைரஸ்கள் பெருகுவது வெப்பநிலையைப் பொறுத்தது. நம் உடல் சூடு அவற்றுக்கு ஒத்துவராது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மண்ணுளிப் பாம்பை 'இரட்டைத் தலைப் பாம்பு' என்று லட்சங்களுக்கு விற்கும் மோசடி நம் ஊரில் ஓயவே இல்லை. அதுவும் போவா உறவுதான். பானையிலும் சாக்கிலும் மற்றப் பாம்புகளோடு அடைத்து வைத்ததைப் பறிமுதல் செய்து, அன்றைக்கே அருகிலுள்ள காட்டில் விட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடைத்த இடத்தில் தொற்றிய வைரஸும் கூடவே காட்டுக்குப் போகலாம். புளோரிடாவில் காட்டில் பரவிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளிலும் நிடோவைரஸ் வகை கண்டிருக்கிறார்கள். விடும் முன் ஒரு வாய் ஸ்வாப் எடுத்து மைனஸ் 80இல் போட்டு வைக்க எவ்வளவு செலவாகும்? அந்த ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

உங்கள் பாம்பு ஏற்கெனவே ஃப்ரீசரில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். திசுப் பரிசோதனைதான் போனது, ஆர்என்ஏ இன்னும் இருக்கலாம். ஒரு தடவைகூட உருகவிடாமல் உலர்பனியில் அனுப்புங்கள். இனம், வயது, எந்தத் தேதியில் தின்பதை நிறுத்தியது, எந்தப் பாம்போடு ஒரே அறையில் இருந்தது, உடம்பில் உண்ணி இருந்ததா என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.