எண்டூரன்ஸ் கப்பல்: 28 பேரும் ஒரு தச்சரும் (கேள்வி பதில்)

துருவப் பயணங்கள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், பாதிக்கு மேல் எண்டூரன்ஸ் பயணத்தின் தலைவர், பிரிட்டிஷ் துருவப் பயணி ஷாக்கிள்டன்தான் வந்திருக்கிறார். சரி, அவரையே பார்ப்போம். முதலில் இரண்டு வேண்டுகோள். "ஆபத்தான பயணத்துக்கு ஆட்கள் தேவை, சம்பளம் குறைவு" என்று அவர் பத்திரிகையில் கொடுத்ததாகச் சுற்றும் விளம்பரத்தை யாரும் அனுப்ப வேண்டாம். அது வெளிவந்த பத்திரிகையை இதுவரை ஒருவரும் காட்டியதில்லை. இரண்டாவது, "ஒரு உயிரைக்கூட இழக்காத தலைவர்" என்று எழுதாதீர்கள். காரணம் கீழே வரும்.

கே: எனக்கு இந்தக் கதையே தெரியாது சார். சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

ப: அண்டார்டிகாவைக் குறுக்கே நடந்து கடப்பது திட்டம். 1914 டிசம்பர் 5 அன்று தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து கிளம்பிய எண்டூரன்ஸ், ஜனவரியில் வெட்டெல் கடல் பனியில் சிக்கியது. மாதக்கணக்கில் பனியோடு நகர்ந்து, நொறுங்கி, 1915 நவம்பர் 21 அன்று மூழ்கியது. 28 பேரும் பனிப்பாளத்தின் மேல் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். 1916 ஏப்ரலில் பாளம் உடைய, மூன்று படகுகளில் ஏறி எலிஃபன்ட் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் 22½ அடி நீளமுள்ள ஜேம்ஸ் கேர்ட் படகில் 800 கடல் மைல் கடந்து தெற்கு ஜார்ஜியாவை அடைந்தார்கள். தீவில் இருந்த 22 பேரை ஆகஸ்ட் 30 அன்று சிலி நாட்டு யெல்ச்சோ கப்பல் ஏற்றிக்கொண்டது.

கே: நாய்களைத் தின்றார்களா?

ப: ஆமாம், சறுக்குவண்டி இழுக்கக் கொண்டுபோன நாய்களில் கடைசியில் சுட்டவற்றில் சிலவற்றை.

கே: கல்லூரியில் மேனேஜ்மென்ட் பாடம் எடுக்கிறேன். ஷாக்கிள்டனின் தலைமைப் பண்புகளை ஐந்து பாயிண்டாகத் தர முடியுமா?

ப: பாயிண்டாக வராது. அந்த மனிதர் செய்ததில் பெரும்பாலும் வீட்டு வேலைதான். யார் எங்கே படுப்பது, யாருக்கு எது கிடைத்தது, யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

கூடாரங்களுக்கு ஆட்களைப் பிரித்ததைப் பாருங்கள். தனக்குப் பிடித்த ஆட்களை அவர் தன் கூடாரத்தில் வைத்துக்கொள்ளவில்லை. தன்னை யாரும் மதிக்கவில்லை என்று நினைக்கக்கூடிய புகைப்படக்காரர் ஹர்லி, எல்லோரும் கிண்டல் செய்த இயற்பியலாளர் ஜேம்ஸ் இவர்களைத்தான் பக்கத்தில் போட்டுக்கொண்டார். முணுமுணுப்பு கிளம்பினால் அது தன் காதுக்கு முதலில் வரட்டும் என்று.

அப்புறம் படுக்கைப் பை. 18 பைகள் கலைமான் தோலில் செய்தவை, நல்ல கதகதப்பு. மீதி கம்பளி. சீட்டுக் குலுக்கினார்கள். கம்பளிப் பை பெரும்பாலும் அதிகாரிகளுக்கே விழுந்தது! குலுக்கலில் ஏதோ கைவேலை இருந்தது என்று மாலுமி பேக்வெல் பின்னாளில் சொன்னார். அதிகாரிகள் குளிரில் நடுங்கியதை மாலுமிகள் பார்த்தார்கள், அவ்வளவு போதும்.

சாப்பாடு பங்கிடும்போது ஒருவர் பாத்திரத்தைப் பார்க்காமல் இருப்பார். "இது யாருக்கு?" என்று கேட்டதும் ஏதாவது ஒரு பெயர் சொல்வார். பெரிய துண்டு யாருக்குப் போனாலும் பழி சொல்ல ஆள் இல்லை. ஜேம்ஸ் கேர்ட் படகில் ஒருவர் துவண்டு போவது தெரிந்தால், ஆறு பேருக்கும் சூடான பால் போடச் சொல்வார். அவருக்கு மட்டும் கொடுத்தால் கூனிக்குறுகிப் போவார் அல்லவா?

ஆளுக்கு இரண்டு பவுண்டுக்கு மேல் சொந்தச் சாமான் கூடாது என்ற இடத்தில் ஹஸ்ஸியின் பாஞ்சோ வாத்தியத்தை மட்டும் எடுத்து வரச் சொன்னதும் இந்தக் கணக்கில்தான். இதையெல்லாம் ஸ்லைடில் போட்டால் சப்பென்று இருக்கும். தெரியும்.

கே: அவர்தானே எச்சரிக்கையை மீறிப் போய் மாட்டினார்? அப்புறம் என்ன பெரிய தலைவர்?

ப: நியாயமான கேள்வி. தெற்கு ஜார்ஜியாவின் திமிங்கில வேட்டைக்காரர்கள் அந்த வருடம் பனி மோசம் என்று சொல்லத்தான் செய்தார்கள். ஒரு மாதம் காத்திருந்துவிட்டுப் போனார். அதோடு, பனிப்பாளத்தில் இருந்தபோது சீல்களை அதிகம் அடித்துச் சேமிக்கலாம் என்று ஸ்டோர் பார்த்த ஓர்ட்-லீஸ் சொன்னதை அவர் ஏற்கவில்லை. நிறையச் சேர்த்தால், நெடுநாள் இங்கேதான் என்று ஆட்கள் மனம் உடைந்துவிடும் என்பது அவர் கணக்கு. பின்னால் வயிறு காய்ந்தது. ஓர்ட்-லீஸை யாருக்கும் பிடிக்காது, ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி.

கே: நாய்களைத் தின்றார்களா?

ப: மேலே இருக்கிறது.

கே: ஸ்கர்வி நோய் ஏன் வரவில்லை?

ப: புதிய சீல் கறியும் பெங்குவின் கறியும் தின்றதால். அதில் வைட்டமின் சி உண்டு. இங்கேதான் என் இரண்டாவது வேண்டுகோள். கண்டத்தின் மறுபக்கம் ராஸ் கடலில் இதே பயணத்தின் இன்னொரு குழு, ஷாக்கிள்டன் நடந்து வரும்போது தேவைப்படும் என்று உணவுக் கிடங்குகளை வைத்துக்கொண்டிருந்தது. அவர் வரவே போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய கப்பலைப் புயல் அடித்துக்கொண்டு போக, பத்துப் பேர் கரையில் மாட்டினார்கள். ஸ்பென்சர்-ஸ்மித் ஸ்கர்வியில் இறந்தார். மேக்கின்டாஷும் ஹேவர்டும் 1916 மே 8 அன்று கடல் பனி மேல் நடந்து போனவர்கள், திரும்பவில்லை. ஆக மூன்று உயிர்.

கே: தச்சர் மெக்நிஷ் பனியில் கலகம் செய்தவர். துருவப் பயணிகளுக்கு பிரிட்டன் தரும் போலார் மெடலை அவருக்குக் கொடுக்காதது சரிதானே?

ப: சரியில்லை. இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன். நானும் கப்பல்காரன், 22 வருடம் வணிகக் கப்பலில் இருந்தேன்.

1915 டிசம்பர் 27. படகுகளைப் பனியில் இழுத்துக்கொண்டு போகிறார்கள், ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒடிகிறது. மெக்நிஷ் நின்றுவிட்டார். கப்பல் போனதோடு அக்ரிமென்ட் முடிந்தது, இனி உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றார். பைத்தியக்காரப் பேச்சு இல்லை. அன்றைய பிரிட்டிஷ் வழக்கப்படி கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளம் நின்றுவிடும். 1925 சட்டம்தான் அதை மாற்றி இரண்டு மாதம் வரை சம்பளம் தந்தது. ஷாக்கிள்டன் எல்லோரையும் கூட்டி ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினார். கப்பலில் மட்டுமல்ல, படகிலும் கரையிலும் சொன்ன வேலையைச் செய்யவேண்டும் என்று அதில் தனி ஷரத்து இருந்தது. மெக்நிஷ் அடங்கினார். சில நாளில் ஷாக்கிள்டனே இழுப்பதை நிறுத்திவிட்டார்.

அதன்பின் அதே மனிதர்தான் ஜேம்ஸ் கேர்ட் படகைக் கடலுக்குத் தயார் செய்தார். சறுக்குவண்டிக் கட்டையும் பெட்டி மூடியும் அடித்து மேலே கித்தான் போர்த்தினார். கித்தான் பலகை மாதிரி உறைந்து கிடந்தது, கொழுப்பு அடுப்பில் காட்டி இளக்கி இளக்கித்தான் ஊசி ஏற்றினார்கள். பலகை இடுக்குகளில் விளக்குத் திரி, ஓவியரின் எண்ணெய் வண்ணம், சீல் ரத்தம் வைத்து அடைத்தார். தெற்கு ஜார்ஜியாவின் பனிமலையை ஷாக்கிள்டன், கப்பல் கேப்டன் வொர்ஸ்லி, டாம் கிரீன் மூவரும் 36 மணி நேரத்தில் தாண்டியபோது பூட்ஸில் இருந்த பிடிப்புத் திருகாணிகளும் அவர் கைவேலை.

கே: (அதே நண்பர்) அந்த இடத்தில் ஒருவர் மறுத்தால் 28 பேரும் சாவார்கள். ஒழுங்குதான் முக்கியம், அண்ணே.

ப: பனிமேல் ஷாக்கிள்டன் செய்தது சரி, நான் மறுக்கவே இல்லை. மெடல் பட்டியல் ஊர் திரும்பிய பிறகு எழுதியது, தம்பி. அப்போது யார் சாகப்போகிறார்கள்?

கே: (அவரே) டாம் கிரீனும் மெக்கார்த்தியும் அதே படகில் வாய் திறக்காமல் வேலை செய்தார்களே.

ப: வாய் திறக்காததற்கா மெடல்? ஒரு முறை ஒரு கம்பெனி எங்களை மூன்று மாதச் சம்பளமில்லாமல் ஒரு துறைமுகத்தில் விட்டுவிட்டது. முதலில் வாய் திறந்தது எங்கள் போசன், அதாவது மாலுமிகளின் மேஸ்திரி. அவரைக் கலகக்காரன் என்றார்கள். சம்பளம் வந்தபோது எல்லோரும் வாங்கிக்கொண்டோம். இதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்கு நடுநிலை வராது, விட்டுவிடுங்கள்.

கே: பூனையைச் சுட்டதுதான் தச்சருக்குக் கோபமா?

ப: அதுவும் உண்டு. திருமதி சிப்பி என்று பெயர், ஆனால் ஆண் பூனை. கப்பலைக் கைவிட்ட சில நாளில் சுடச் சொன்னார் ஷாக்கிள்டன். மெக்நிஷ் மன்னிக்கவே இல்லை. வெலிங்டனில் 1930இல் இறந்தார். அவர் கல்லறை மேல் 2004இல் ஒரு வெண்கலப் பூனையைப் படுக்க வைத்தார்கள்.

கே: அண்டார்டிகாவில் உள்ள இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்தில் வேலைக்குப் போவது எப்படி?

ப: கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தைக் கேளுங்கள். என்னை அல்ல.

கே: கப்பல் கிடைத்துவிட்டதாமே?

ப: 2022 மார்ச் 5 அன்று, 3,008 மீட்டர் ஆழத்தில். பின்பக்கத்தில் பெயர் இன்னும் படிக்க முடிகிறது.

கே: சார், "ஆட்கள் தேவை" என்று ஒரு அருமையான விளம்பரம்...

ப: கடையைச் சாத்துகிறேன்.