ஊமைக்குசும்பு

கேள்வி: ஊமைப்படங்களைப் பற்றி ஆஹா ஓஹோ என்று எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். உங்களை நம்பி யூடியூபில் ஒன்றைப் போட்டேன். பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டேன். பேச்சே இல்லாத படத்தில் அப்படி என்ன ருசி கண்டீர்கள்?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 'ஊமைப்படம்' என்று எழுதியதற்கு முதலில் ஒரு நன்றி. எங்கள் ஆபீஸில் பிழை திருத்துபவர் இந்தச் சொல்லைக் கண்டால் 'மௌனப்படம்' என்று மாற்றிவிடுவார். நான் மறுபடி ஊமையாக்குவேன். பல வருஷமாக நடக்கிற யுத்தம் இது. மௌனம் என்றாலே விபூதி வாசனை வருகிறது, யாரோ கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஊமை அப்படியா? ஊமை வெயில் சுள்ளென்று அடிக்காது, மேகத்துக்குப் பின்னால் இருந்துகொண்டே ஆளை அவித்து எடுத்துவிடும். ஊமைக்காயத்தில் தோலில் ஒரு கீறல் இருக்காது, உள்ளே எலும்பு விட்டுப்போயிருக்கும். ஊமைக்குசும்பு என்றால் என்ன என்று கோயம்புத்தூர்க்காரருக்கு நான் விளக்கினால் சிரிப்பார்கள்.

அதிலும் நீங்கள் குடியிருப்பது எந்த ஊரில்? திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். சுற்றி முடித்து அவர் 1914-ல் நிரந்தரக் கொட்டகை கட்டியது உங்கள் ஊரில்தான். வெரைட்டி ஹால் ரோடு என்று ஆட்டோக்காரரிடம் தினமும் சொல்கிறீர்களே, அந்த ஹால்!

ஊமை வெயில் என்றேன். சும்மா சொல்லவில்லை. மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியார் சென்னை மில்லர்ஸ் ரோட்டில் 'கீசக வதம்' எடுத்தபோது ஸ்டூடியோவுக்குக் கூரை, மெல்லிய வெள்ளைத் துணி. சென்னை வெயில் அந்தத் துணியில் வடிந்து இதமாகி, கீழே நிற்கிற திரௌபதி மேல் விழும். விளக்கு அதுதான். 1917-18 வாக்கில் வந்த இந்தப் படம்தான் தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். இன்று அதில் ஓர் அடிகூட மிச்சமில்லை. நாம் ஒழுங்காகத் தொலைத்தவற்றுக்குப் பட்டியல் போட்டால் இந்த இதழ் பத்தாது, விடுங்கள்.

ஊமைக்காயத்துக்கு அமெரிக்க ஊமைப்படக் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன். 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில் ஓடுகிற ரயிலின் கூரைமேல் ஓடி, தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்குவார். தண்ணீர் கொட்டுகிற வேகத்தில் கீழே தண்டவாளத்தில் விழுவார். எழுந்து ஓடியும் விடுவார். அப்புறம் கொஞ்ச நாள் தலைவலி, அவ்வளவுதான். பல வருஷம் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "உமக்குக் கழுத்து எப்போது உடைந்தது?" என்று கேட்டாராம். உடைந்ததும் சேர்ந்ததும் உடைந்தவருக்கே தெரியவில்லை. அந்த விழுதல் படத்திலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். இப்போது விரல் சுளுக்கினாலே பத்திரிகையாளர் சந்திப்பு.

குசும்பும் அவரிடம்தான். கல்மூஞ்சி என்றே அவருக்குப் பட்டப்பெயர். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் புயல் அடிக்கும். ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அப்படியே அவர்மேல் சாயும். மாடி ஜன்னல் திறந்திருக்கிறது. சரியாக அந்த ஓட்டைக்குள் அவர் நின்றிருப்பார். அட்டைச் சுவரல்ல, நிஜமான கனம். தோளுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் ஓரிரு அங்குலம்தான் இடைவெளி, கால் பிசகினால் ஆள் இல்லை. சுவர் விழுந்து தூசி பறக்கிறது. மனிதர் முகத்தில் ஒரு சுருக்கம்? ஊஹூம். சுற்றுமுற்றும் பார்க்கிறார். இந்தக் காட்சி வருவது படம் முடிகிற சமயத்தில். பத்தாவது நிமிடத்தில் குறட்டை விட்டவருக்கு இது எப்படித் தெரியும்?

பேச்சே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது அபாண்டம். பேசினார்கள், நமக்குத்தான் கேட்கவில்லை. 1926-ல் 'வாட் பிரைஸ் குளோரி' என்று ஒரு யுத்தப் படம். சிப்பாய்கள் இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள். சத்தம்தான் பதிவாகாதே என்கிற தைரியத்தில் நடிகர்கள் நிஜமான கெட்ட வார்த்தைகளையே சொல்லி நடித்துவிட்டார்கள். உதட்டசைவை வைத்துப் பேச்சைப் புரிந்துகொள்கிற, காது கேளாத ரசிகர்களிடமிருந்து புகார் வந்தது. கொட்டகையில் அத்தனை பேர் இருந்தும் அந்த வசனம் அவர்களுக்கு மட்டும்தான் 'கேட்டது'. சென்சாருக்குக்கூட இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வசனகர்த்தா, பெயர் வேண்டாம், "வசனம் இல்லாத படம் சாம்பார் இல்லாத இட்லி" என்று ஒரு விழா மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நல்ல இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் போதும் சார் என்று கீழேயிருந்து கத்தினேன். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை, எங்கள் சினேகிதமே ஊமைப்படம் ஆகிவிட்டது. அவர் எழுதுகிற படங்களில் இட்லி எங்கே இருக்கிறது என்று கரண்டி விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. அப்பா அழுகிறார், அழுவது தெரிகிறது, "நான் அழுகிறேன்டா" என்று வேறு சொல்கிறார்.

சாம்பார் என்றதும் ஞாபகம் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலில் மெதுவடை சொன்னேன். மொறுமொறுவென்று, நடுவில் ஓட்டையோடு, ஆவி பறக்க வந்தது. பின்னாலேயே சாம்பார் வாளியும் வந்தது. வாயில் வடை இருந்ததால் கையை இலைக்கு மேலே குறுக்கே நீட்டி, தலையையும் பலமாக ஆட்டினேன். குழந்தைக்குக்கூடப் புரிகிற சைகை. அவர் என் கையைத் தாண்டி ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, "இன்னும் கொஞ்சம் விடட்டுமா சார்?" என்றார்.