உயர் நீதிமன்றம் கெடு விதிக்குமா?

கேள்வி: எங்கள் பாகப்பிரிவினை வழக்கு ஆண்டுக்கணக்கில் வாய்தாவிலேயே நிற்கிறது. மூன்று மாதத்தில் எங்களுக்குச் சாதகமாக முடிக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிடுமா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை.

பதில்: சாதகமாக முடிக்கும்படி ஒருபோதும் உத்தரவிடாது, அரசமைப்புச் சட்டத்தின் 227-ஆவது பிரிவு தருவது கீழமை நீதிமன்றங்களை மேற்பார்வையிடும் அதிகாரமே தவிர, அவற்றின் தீர்ப்பை முன்கூட்டியே எழுதித் தரும் அதிகாரம் அல்ல. கெடுவும் எளிதில் கிடைக்காது. பிற நீதிமன்றங்களில் நிலுவையிலுள்ள வழக்குகளுக்கு அரசமைப்பு நீதிமன்றங்கள் (அதாவது உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும்) சாதாரணமாகக் காலக்கெடு விதிக்கக் கூடாது, மிக விதிவிலக்கான சூழலில் மட்டுமே விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 29.2.2024 அன்று தீர்ப்பளித்துள்ளது. பாரிமுனையிலுள்ள உயர் நீதிமன்றம் வரை போய் மனுப்போட வசதியுள்ளவர் வழக்கு மட்டும் முந்துவது நியாயமில்லைதானே! உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆவது கட்டளைப்படி ஒரு தரப்புக்குப் பொதுவாக மூன்று வாய்தாவுக்கு மேல் தரலாகாது. அதைச் சுட்டிக்காட்டி, விசாரணை நீதிமன்றத்திலேயே முதலில் ஆட்சேபியுங்கள்.