கொம்பை முதலில் அடிக்கும் விரல்கள்

கடிதம்

வணக்கம் ஐயா. சிறிய பதிப்பகம் ஒன்றின் டிடிபி பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். தட்டச்சு செய்பவர்கள் மூன்று பேர். மூவரும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்கள், இருபது வருட அனுபவம். பழைய எழுத்துருவில் அடித்து பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுகிறோம். மின்னூலும் போட வேண்டும் என்பதால் நவம்பர் முதல் யூனிகோட் (எல்லாக் கணினியிலும் படிக்க வரும் பொது எழுத்துக் குறியீடு), தமிழ்99 (ஒலி வரிசையில் அடிக்கும் விசைப்பலகை அமைப்பு), இன்டிசைன் (புதிய பக்கம் கட்டும் மென்பொருள்) மூன்றுக்கும் மொத்தமாக மாறச் சொல்லி உத்தரவு. ஒரு நாள் பயிற்சி வைத்தோம். மறுநாளே பழையபடி அடிக்கிறார்கள். மூத்தவரான அக்கா "என் கையே போச்சு" என்று கண் கலங்கிவிட்டார். கூலி பக்கக் கணக்கில். இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வழிக்கு வரவேண்டியது உங்கள் அட்டவணை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. நவம்பரில் பதிப்பகத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. பிப்ரவரிக்குத் தள்ளுங்கள்.

அடுத்தது, ஒரே உத்தரவில் மூன்று மாற்றங்களைக் கட்டியிருக்கிறீர்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது, அதனால் அது போகத்தான் வேண்டும். மின்னூலுக்கு யூனிகோட் வேண்டும். ஆனால் விசைப்பலகையை ஏன் மாற்ற வேண்டும்? என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் பழைய டைப்ரைட்டர் வரிசை இருக்கிறது. விரல் பழகிய இடத்திலேயே அடிக்கும், திரையில் யூனிகோட் விழும். இப்போது அடிப்பது டைப்ரைட்டர் வரிசையா, பாமினி எழுத்துருவின் வரிசையா என்று மட்டும் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே அறையில் இரண்டும் இருப்பது சகஜம்.

தமிழ்99 நல்ல வரிசைதான். 1999 முதல் அரசு ஏற்பு பெற்றது. ஆனால் விரலுக்கு அரசாணை தெரியாது. 'கொ' அடிக்க அக்காவின் கை கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு தட்டும். தமிழ்99இல் க, ஒ என்று இரண்டே தட்டு, கொம்பு என்ற விசையே கிடையாது. அ, ம, ம, ஆ என்று தட்டினால் நடுவில் புள்ளி தானே விழுந்து 'அம்மா' வந்துவிடும். அதே வசதி 'ததும்பு' என்ற சொல்லில் காலை வாரும். த, த, உ என்றால் 'த்து' ஆகிவிடும், இரண்டு தகரத்துக்கும் நடுவே அ தட்ட வேண்டும். இருபது வருடமாகக் கண்ணால் பார்த்த வரிசையில் அடித்தவரை ஒலி வரிசையில் யோசிக்கச் சொல்கிறீர்கள். ஒரு நாள் பயிற்சியில் இது வராது. புதிதாக வேலைக்கு வருபவருக்குத் தமிழ்99 சொல்லிக்கொடுங்கள். பழையவர்களில் யாராவது விரும்பிக் கேட்டால் தினம் அரை மணி நேரம், கணக்கில் சேராத தாளில் பழகட்டும். விசைகள் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பார்க்காமல் அடிப்பவரைக் குனிந்து பார்க்க வைத்துவிடும். வரிசையை அச்செடுத்துத் திரைக்குக் கீழே ஒட்டினால் போதும்.

கூலியைக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அடம் பிடிப்பதாக நீங்கள் நினைப்பதில் முக்கால்வாசி அதுதான். வேகம் குறைந்தால் அந்த வாரச் சம்பளம் குறையும், பிறகு யார் புதிதாகப் பழகுவார்கள்? கடந்த மூன்று மாதச் சராசரியை எடுத்து, மாறும் காலம் முழுக்க அதையே நிலையான சம்பளமாகக் கொடுங்கள். இதை முதலாளி வாயால், பயிற்சி தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும்.

வரிசை மாறாவிட்டாலும் யூனிகோடில் சில இடங்கள் உறுத்தும். பேக்ஸ்பேஸ் தட்டினால் கடைசியாக அடித்த தட்டு அழியும் என்று கை எதிர்பார்க்கும். 'கொ'வில் கால் மட்டும் போகாது, கொம்பும் காலும் சேர்ந்தே போய் 'க' நிற்கும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்பார்கள். இன்டிசைனில் கொம்பு இடம் மாறி நின்றால் அது தட்டச்சுப் பிழை அல்ல. பத்தி அமைப்பில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காத பிழை. மாதிரிக் கோப்பிலேயே அதை வைத்துவிடுங்கள்.

பழைய புத்தகங்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையும் வரும். அங்கேதான் அக்கா தேவைப்படுவார். பழைய எழுத்துருவில் பலர் 'ர்'க்குக் காலின் மேல் புள்ளி வைத்து அடிப்பார்கள், தாளில் வித்தியாசம் தெரியாது. மாற்றியபின் ரகரத்துக்குப் பதில் காலோடு 'அவா்', 'சாி' என்று கிடக்கும். தேடினால் சிக்காது. 'ா்', 'ாி', 'ாீ' மூன்றும் சரியான தமிழில் வரவே வராதவை, ஆகவே மொத்தமாக மாற்றிவிடலாம். 'கௌ'வுக்குக் கொம்பும் ளகரமும் சேர்த்து அடித்த 'கெளரவம்' அப்படியல்ல. 'ெள' எல்லாவற்றையும் 'ௌ' ஆக்கினால் வெளி, தெளிவு, கெளுத்தி மீன் எல்லாம் உடையும், ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். நடுவிலுள்ள ஆங்கிலச் சொற்களும் புரியாத தமிழாகிவிடும். எந்தப் புத்தகத்தில் யார் எப்படி அடித்தார்கள் என்பது அக்காவுக்கு நினைவிருக்கும். இந்தப் பட்டியலை அவர் கையால் எழுதச் சொல்லுங்கள். சரிபார்க்கும் பக்கங்களுக்குத் தனிக் கூலி போட்டுக்கொடுங்கள்.