குரோஷா சம்மனசின் பாவாடை ஏன் தொய்கிறது?

கேள்வி: என் ஞானத்தாய்க்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கையடக்கமான குரோஷா சம்மனசு (கொக்கி ஊசியால் பின்னும் தேவதூதர் பொம்மை) ஒன்று போட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் 12 டபுள் குரோஷா கூட்டிப் பாவாடையை விரித்தேன். வீடியோவில் சொன்னபடி சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தேன். முதல் நாள் மொடமொடவென்று நின்றது. மூன்றாம் நாள் பிசுபிசுத்துத் தரையோடு படுத்துவிட்டது, எறும்பும் வந்துவிட்டது. தலையும் ஒரு பக்கம் சாய்கிறது. ஆன்லைனில் விறைப்பேற்ற ‘ஸ்டிஃப்னர்’ என்று பாட்டிலில் விற்கிறார்களே, அதை வாங்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வாங்காதீர்கள். எந்தப் பாட்டிலும் இந்தப் பாவாடையை நிறுத்தி வைக்காது. கோளாறு பாதி நீங்கள் கூட்டிய கணக்கில் இருக்கிறது, பாதி சர்க்கரையில் இருக்கிறது.

முதலில் கணக்கு. டபுள் குரோஷாவில் சுற்றுக்கு 12 ஸ்டிச் கூட்டினால் கிடைப்பது தட்டையான வட்டம். டேபிள் மேட் போடுவது அந்தக் கணக்கில்தான். சிங்கிள் குரோஷாவுக்கு அந்த எண் 6. அதற்கு மேல் கூட்டினால் ஓரம் அலையடிக்கும். அதற்குக் குறைவாகக் கூட்டினால்தான் பின்னல் கீழ்நோக்கி இறங்கிக் கூம்பாகும். நீங்கள் சம்மனசின் கழுத்தில் ஒரு தட்டை மாட்டிவிட்டு, அதைச் சர்க்கரைத் தண்ணீரால் மடக்கி நிறுத்தப் பார்த்திருக்கிறீர்கள். ஈரம் பட்டதும் பின்னல் அதன் சொந்த வடிவத்துக்கே திரும்பிவிட்டது.

இங்கே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷா என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷா என்கிறார்கள். வீடியோ போடுபவர்கள் எந்த முறை என்று சொல்வதே இல்லை, பலருக்கு அப்படி இரண்டு முறை இருப்பதே தெரியாது. நான் இங்கே டபுள் என்பது நூலை ஊசியில் ஒரு தடவை சுற்றி, ஸ்டிச்சில் நுழைத்து எடுத்து, இரண்டிரண்டாக இரண்டு தடவை இழுப்பது. அது பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள்.

பருத்தி நூல் 10-ஆம் நம்பர், ஊசி 1.5 மில்லிமீட்டர். உள்ளூர் ஸ்டீல் ஊசிகளில் பொறித்திருக்கும் நம்பரை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். மில்லிமீட்டர் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தலையை சிங்கிள் குரோஷாவில் போடுங்கள். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6, அடுத்த சுற்று 12, அதற்கடுத்தது 18. பிறகு கூட்டாமல் நான்கு சுற்று. அதன்பின் ஒரு ஸ்டிச் விட்டு இரண்டை ஒன்றாக்கிக் குறைத்து 12-க்கு வாருங்கள். ரெக்ரான் (பாலியஸ்டர்) பஞ்சைக் கெட்டியாக அடையுங்கள். கடைசிச் சுற்றில் 9-க்குக் குறைத்து நிறுத்திவிடுங்கள். உங்கள் சம்மனசின் தலை சாய்வதற்கு, அநேகமாகக் கழுத்தை 6 வரை குறைத்ததுதான் காரணமாக இருக்கும். இந்த நூலில் 6 ஸ்டிச் கழுத்து பென்சிலைவிட மெலிதாகிவிடும். பஞ்சைக் கழுத்து வரை இறக்கி அடைக்காவிட்டால் 9 ஸ்டிச்சும் சாயத்தான் செய்யும்.

அந்த 9-லிருந்தே பாவாடையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் போடும் 3 சங்கிலி ஒரு டபுளாகக் கணக்கில் சேரும். முதல் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, மொத்தம் 18. இரண்டாவது 27. மூன்றாவது 36. நான்காவதில் கூட்ட வேண்டாம், 36-தான். ஐந்தாவது 45, ஆறாவது 54. ஏழாவதும் 54. கூட்டும் சுற்று எதிலும் 9-க்கு மேல் போகவில்லை, இரண்டு சுற்றில் கூட்டலே இல்லை என்பதைக் கவனியுங்கள். பாவாடை தானாக இறங்கி நிற்பது இதனால்தான். கடைசியில் சிப்பி ஓரம்: இரண்டு ஸ்டிச் விட்டு மூன்றாவதில் 5 டபுள், மறுபடி இரண்டு விட்டு அடுத்ததில் ஒரு சிங்கிள். 54 ஸ்டிச்சில் சரியாக 9 சிப்பி வரும். எட்டோ பத்தோ வந்தால் மேலே எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது, ஓரத்தில் சமாளிக்காமல் பிரித்துப் போடுங்கள். பொம்மை மொத்தம் 6 முதல் 7 செ.மீ. உயரம் இருக்கும். இன்னும் பெரிதாக வேண்டுமானால் கூட்டலை ஏற்றாதீர்கள், கூட்டாத சுற்றுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கைக்கு மேஜிக் ரிங்கில் 7 டபுள். திருப்பி ஒவ்வொன்றிலும் இரண்டு, 14. ஓரத்தில் விருப்பம்போல் சின்னப் பிக்காட் (சங்கிலியை மடக்கிப் போடும் முடிச்சு). இப்படி இரண்டு போதும். இதற்கு மேல் பெரிதாக்கினால் பின்பக்கம் கனத்து பொம்மை மல்லாந்துவிடும்.

இனி விறைப்பு. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். குளிரும் வறட்சியுமான ஊர்களில் அந்த முறை காலங்காலமாக நடந்து வந்திருக்கலாம். சென்னைக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது, நாம் சம்மனசு போடுவதும் அதே மாதங்களில்தான். சாதக்கஞ்சியும் ஜவ்வரிசிக் கஞ்சியும் எறும்பை அழைக்காவிட்டாலும் பூஞ்சை பிடிக்கும், கரப்பான் கடிக்கும். இதெல்லாம் தெரியாமல் இல்லை இந்த வீடியோக்காரர்களுக்கு. காய்ந்த அன்று மாலையே படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள், மூன்றாம் நாள் என்ன ஆனது என்று யாரும் காட்டுவதில்லை.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை போதும், கைவினைக்கென்று வரும் ஃபெவிகால் எம்.ஆர். போன்றது. 30 மில்லி பசைக்கு 30 மில்லி தண்ணீர், ஒரு பொம்மைக்கு இது தாராளம். பாவாடையையும் இறக்கைகளையும் முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள், காய்ந்த நூலில் பசை திட்டுத்திட்டாக ஏறும். பிறகு பசைத் தண்ணீரில் அமுக்கி எடுத்து, முறுக்காமல் விரலால் வழித்துவிடுங்கள். தலையை முக்காதீர்கள். உள்ளே பஞ்சில் பசைத் தண்ணீர் ஏறினால் எளிதில் காயாது, மஞ்சள் பூக்கும். தலைக்கு வெளியே பிரஷ்ஷால் ஒரு பூச்சு போதும். டபுள் குரோஷாவின் இடைவெளிகளில் பசை கண்ணாடிபோல் படிந்திருந்தால், ஈரம் இருக்கும்போதே காய்ந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

காயவைக்கும் கூம்புக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். 6 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் வெட்டி, ஓரங்கள் 2 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால், அடியில் ஏறக்குறைய 5.4 செ.மீ. விட்டமுள்ள கூம்பு வரும். நுனியை 1 செ.மீ. வெட்டிவிட்டு, மேலே பாலித்தீன் தாளை இறுக்கமாகச் சுற்றுங்கள். தாள் இல்லாவிட்டால் பாவாடை அட்டையோடு ஒட்டிக்கொண்டு வராது. ஓரச் சிப்பிகளை இழுத்து நிறுத்த குண்டூசி குத்தாதீர்கள். ஈரப் பசையில் ஒரே இரவில் துரு இறங்கி வெள்ளை நூலில் பழுப்புப் புள்ளி விழும், அது லேசில் போகாது. பல்குத்தும் குச்சி அல்லது ஸ்டெயின்லெஸ் ஊசி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைகளைத் தட்டையாகத் தனியே காயவையுங்கள்.

ஃபேன் காற்றில் வெயில் நாளில் 24 மணி நேரம், மழை நாளில் 48. ஹேர் டிரையர் வைத்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நின்றுவிடும். முழுக்கக் காய்ந்தபின், தண்ணீரில் கரையும் வகை அக்ரிலிக் வார்னிஷ் மெலிதாக ஒரு பூச்சு கொடுத்தால் பசைக்குள் மறுபடி ஈரம் இறங்குவது குறையும். நெயில் பாலிஷோ ஸ்ப்ரே வார்னிஷோ வேண்டாம். தெர்மாகோல் கூம்பு வைத்திருந்தால் அது கரைந்தே போகும். இறக்கைகளை அதே நூலால் முதுகில் தையுங்கள். குளூ கன் பசை, வெயிலில் நிற்கும் காருக்குள் இளகிவிடும்.

இப்போது நூலுக்கு வருகிறேன். பல கோளாறுகள் கடையிலேயே வாங்கி வரப்படுகின்றன. அக்ரிலிக் நூல் பசையை உறிஞ்சாது, பசை வெளியே படிந்து வளைந்தால் வெடிக்கும். ‘மில்க் காட்டன்’ என்று விற்பதில் பெரும்பாலும் அக்ரிலிக் கலந்திருக்கிறது. பாரிமுனைத் தெருக்களிலும் தி.நகரிலும் ‘பியூர் காட்டன்’ என்று சொல்லி லேபிள் இல்லாத கண்டுகளைக் கொடுப்பார்கள். ஒரு விரற்கடை நூலை வெட்டி, எவர்சில்வர் தட்டின்மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். கலப்பு நூலில் இரண்டும் தெரியும்.

அந்த ஸ்டிஃப்னர் பாட்டில்களில் பலவற்றில் உள்ளே என்ன என்றே எழுதியிருப்பதில்லை. வெள்ளையாக ஊற்றி நிறமில்லாமல் காய்கிறது என்றால், பெரும்பாலும் அது நீர்த்த வெள்ளைப் பசைதான். பொட்டலமாக விற்கும் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-இன் எடையளவுப் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் யார் போய் இதைப் பார்க்கிறார்கள்? வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், சின்னத் தொகை, அதனால் யாருக்கும் அக்கறையில்லை. ஏமாந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு பொம்மையைப் போட்டு வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்ததும் யாராவது வருவார்கள்: ‘நூலும் மாதிரியும் நாங்கள் தருகிறோம், டெபாசிட் கட்டுங்கள், நூறு பொம்மை போட்டுக் கொடுத்தால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம்.’ நூறு போட்டு முடித்ததும் ‘ஃபினிஷிங் சரியில்லை’ என்பார்கள், டெபாசிட் போயிற்று. வேலை கொடுக்கிறவர் தொழிலாளியிடம் பணம் கேட்கக் கூடாது, கேட்டாலே அது மோசடி. ஜிபேயில் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். குரோஷாவை இயந்திரம் போடுவதில்லை. கடையில் மிக மலிவாகத் தொங்கும் சம்மனசையும் எங்கோ ஒரு பெண் கையால்தான் போட்டிருக்கிறாள், மலிவானது அவள் கூலிதான். ஆந்திராவின் நரசாப்பூர் குரோஷா லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. ஆனால் அங்கே வீட்டில் உட்கார்ந்து போடும் பெண்களுக்கும் வாங்குபவர்களுக்கும் நடுவே ஏஜெண்டுகள் நிற்பது பல தலைமுறைக் கதை. குறியீடு மட்டும் அதை மாற்றிவிடாது.

நான் மேலே சொன்னதற்கெல்லாம் ஒரே விலக்கு உண்டு. உங்கள் ஞானத்தாயின் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அல்லது அடிக்கடி வந்து போனால், இந்த விறைத்த பொம்மை வேண்டவே வேண்டாம். உயரத்தில் வைப்போம், தொங்கவிடுவோம் என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. தவழும் குழந்தைக்குக் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். பசையும் வார்னிஷும் பூசிய நூல், கண்ணுக்கு வைத்த மணி, ஒளிவட்டத்துக்கு வளைத்த கம்பி, எதுவும் வாய்க்கு ஆகாது. அப்படியானால் முழுப் பொம்மையையும் சிங்கிள் குரோஷாவில் இறுக்கமாகப் போடுங்கள், பஞ்சு வெளியே தெரியக் கூடாது. கண்ணையும் வாயையும் நூலால் எம்ப்ராய்டரி செய்யுங்கள். ஒளிவட்டத்தைச் சங்கிலியாகப் போட்டுத் தலையில் முழுக்கத் தைத்துவிடுங்கள். தொங்கவிட நீளக் கயிறு கட்டாதீர்கள். இறக்கையை இழுத்துப் பாருங்கள், பெரியவர் பலத்துக்கு வராமல் இருந்தால் சரி. இதற்கு மட்டும் மில்க் காட்டன் நன்றாக இருக்கும், மெத்தென்று இருக்கும், துவைக்கலாம்.

பரிசாகக் கொடுப்பதற்கு எந்த முத்திரையும் தேவையில்லை. ஆனால் 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மையாக விற்கப் போனால், 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரகத்தில் பதிந்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவைப் பற்றித் தெரியவேண்டியவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கையில் இருக்கும் பொம்மையைத் தூக்கிப் போடாதீர்கள். பருத்தி நூல் என்றால் வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவிட்டு இரண்டு முறை அலசுங்கள், சர்க்கரை முழுக்கக் கரைந்துவிடும். காய்ந்ததும் தலையைப் பிரிக்க வேண்டாம், பாவாடையை மட்டும் கழுத்து வரை உருவுங்கள். உருவிய நூல் சுருண்டிருக்கும். ஈரத்துணியில் சுற்றி இழுத்துக் காயவைத்தால் நேராகும். கழுத்தில் 6 ஸ்டிச்தான் இருக்கிறதென்றால் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு போட்டு 9 ஆக்கி, அங்கிருந்து மேலே சொன்ன கணக்கைத் தொடங்குங்கள். தலை அப்போதும் ஆடினால், எல்லாம் காய்ந்தபின் இயர்பட் குச்சியில் 2 செ.மீ. வெட்டி, பாவாடைக்குள் இருந்து கழுத்து வழியாகப் பஞ்சுக்குள் ஏற்றிவிடுங்கள். டிசம்பர் 20-ஆம் தேதிக்குள் பசையில் நனைத்துவிட்டால், மழை பெய்தாலும் காய்வதற்கும் வார்னிஷுக்கும் நாள் இருக்கும். பெட்டியில் வைக்கும்போது பாவாடைக்குள் பட்டர் பேப்பரை உருட்டி வைத்து, பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் போட்டு மூடுங்கள்.