பிஎஸ்ஐ, பார், கிலோ: போனே மாற்றித் தரும்போது இதையெல்லாம் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), பார், கிலோ மூன்றுமே அழுத்தத்தை அளக்கும் அலகுகள். ஒன்றை இன்னொன்றாக மாற்றப் போனில் போட்டால் விடை வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதிரே இருக்கும் இரண்டு அழுத்த மீட்டரும் வேறு வேறு அலகில் இருக்கின்றன என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும். அங்கேதான் காசு போகிறது.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் டிப்ளமோ தேர்வுக்குப் படிக்கிறவர் மாதிரி தெரிகிறது. அப்படியானால் சரியான எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல், அதாவது 14.5 பிஎஸ்ஐ. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால் 98.07 கிலோபாஸ்கல், 14.22 பிஎஸ்ஐ. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101.325 கிலோபாஸ்கல், பாதரசக் கணக்கில் 760 மில்லிமீட்டர். தேர்வுக்கு இது போதும்.

நான் காவேரிப்பட்டணத்தைச் சுற்றிச் சொட்டுநீர் லைன் போடுகிறவன். எங்களுக்கு ஏழு என்ற ஒரே எண் போதும். பிஎஸ்ஐயை ஏழால் பெருக்குங்கள், கிட்டத்தட்ட கிலோபாஸ்கல் வந்துவிடும். அந்தக் கிலோபாஸ்கலை நூறால் வகுத்தால் கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு), பத்தால் வகுத்தால் எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறும் என்ற கணக்கு. அடியில் பேசுகிறவர்களுக்கு ஒரு கிலோ என்றால் 33 அடி. மேட்டு நிலத்தில் 66 அடி உயரத்தில் தொட்டி இருந்தால், தண்ணீர் அங்கே போய்ச் சேரவே இரண்டு கிலோ காலி. குழாயின் உராய்வு தனி.

இந்த ஏழு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்தது என்று சொல்கிறேன். இராயக்கோட்டை பக்கம் ஒரு தக்காளித் தோட்டம். பண்ணைக்குட்டையிலிருந்து 5 எச்.பி. மோட்டார் தண்ணீர் எடுக்கிறது. “கடைசி வரிசைக்குத் தண்ணியே போகலப்பா, மோட்டார் போச்சுன்னு கடைக்காரப் பையன் சொல்றான்” என்றார் தோட்டத்துப் பெரியவர். 7.5 எச்.பி.க்கு விலை எழுதின சீட்டு அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

தண்ணீரை வடிகட்டும் பில்டருக்கு முன்னால் ஒரு அழுத்த மீட்டர், பின்னால் ஒரு மீட்டர். முன்னால் இருந்தது பழசு, 0 முதல் 4 கிலோ வரை. பின்னால் இருந்தது உடைந்துபோனதால், கைக்குக் கிடைத்த 0 முதல் 30 பிஎஸ்ஐ மீட்டரை யாரோ மாட்டியிருக்கிறார்கள். முன் முள் 1.8இல், பின் முள் 12இல். இரண்டுமே பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கின்றன. கடைக்காரப் பையன் எண்ணைப் படிக்கவில்லை, முள் நிற்கிற இடத்தைத்தான் பார்த்திருக்கிறான். “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, பில்டர் சுத்தம், மோட்டாருக்குத்தான் தெம்பில்லை” என்பது அவன் தீர்ப்பு.

பன்னிரண்டு ஏழு எண்பத்து நான்கு. பின்னால் இருப்பது 0.84 கிலோதான். ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் பில்டருக்குள்ளேயே செத்துப்போகிறது. அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தாலே பில்டரைக் கழுவ வேண்டும். “ஐயா, மோட்டாரை நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டுப் பில்டரின் கிளிப்பைக் கழற்றினேன். உள்ளே அடுக்கியிருக்கும் வடிகட்டி டிஸ்க்குகளுக்கு நடுவே குட்டைப் பாசி தோசை மாவுப் பதத்தில் அப்பியிருந்தது. பழைய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி மாட்டியதும் பின் முள் 20க்கு ஏறியது. முன் முள் 1.6க்கு இறங்கியது, தண்ணீர் தடையில்லாமல் ஓட ஆரம்பித்ததால். கடைசி வரிசையும் சொட்ட ஆரம்பித்தது.

இப்போது சிலர் கீழே கருத்து எழுத வந்து, கிலோ என்பது எடை, அழுத்தத்தை அப்படிச் சொல்லக்கூடாது என்பார்கள். அது கிலோகிராம் விசை, அதைச் சதுர சென்டிமீட்டரால் வகுத்துச் சொல்கிறோம் என்று எனக்கும் தெரியும். கடையில் போய் “ஆறு கிலோ பைப்” என்று கேட்டால்தான் பைப் கிடைக்கும், பாஸ்கல் சொன்னால் கிடைக்காது. பாரும் கிலோவும் ஒன்றல்ல என்பார்கள். ஆமாம், 2 சதவீதம் வித்தியாசம். நாங்கள் வாங்குகிற மலிவு மீட்டரில் முள்ளின் பிழையே அதைவிட அதிகமாக இருக்கும். மாங்கூழ் ஆலை பாய்லரில் வேலை செய்கிறவர்கள் என் ஏழால் பெருக்கும் கணக்கை நம்ப வேண்டாம், அங்கே சரியான எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். மீட்டர் பூஜ்யம் காட்டினால் அழுத்தமே இல்லை என்று அர்த்தமில்லை, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். ஓசூர் 3,000 அடி உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கிணற்று மேட்டில் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) வைத்து உறிஞ்சுகிறவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் தண்ணீரைக் குழாயில் மேலே தள்ளுவதே வெளிக்காற்றின் அழுத்தம்தான். கணக்குப்படி அங்கே 30 அடி ஆழத்திலிருந்து தண்ணீர் ஏறி வரும், நடைமுறையில் 20 அடியைத் தாண்டினாலே மோட்டார் திணறும்.

பெரியவர் டீயும் ஒரு பை தக்காளியும் கொடுத்தார், அவரைக் குறை சொல்லவில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு. அரசு மானியத் திட்டத்தில் லைன் போட்டால், டீலர் எங்கள் கூலியை “மானியம் வரட்டும் தம்பி” என்று மாதக்கணக்கில் இழுக்கிறார். பள்ளம் தோண்டின ஆளுக்கு நான் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். கேட்டால் அடுத்த வேலை கிடைக்காது. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

மீட்டர் வாங்கும்போது பில்டரின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அலகு, ஒரே அளவில் ஜோடியாக வாங்குங்கள். சொட்டுநீருக்கு 0 முதல் 4 கிலோ போதும். 0 முதல் 10 கிலோ வரை காட்டும் மீட்டரை மாட்டினால் முள் அடியிலேயே கிடக்கும், கால் கிலோ வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.