ஐந்தறையிலிருந்து ஈரறைக்கு

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நானும் கணவரும் மட்டுமே இருக்கிறோம். எனக்கு வயது 64, அவருக்கு 68. பிள்ளைகள் மணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். வீவகவின் சிறிய வகை வீடான ஈரறை ஃபிளெக்சிக்கு மாற எனக்கு ஆசை. தீபாவளிக்கு எல்லாரும் வந்தால் எங்கே உட்காருவார்கள் என்று அவர் தயங்குகிறார். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் ஆசை நியாயமானதே, அம்மா. ஆண்டில் ஓரிரு நாள் நிறையும் கூடத்துக்காக மற்ற நாள்களிலெல்லாம் ஆளில்லாத அறைகளைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருப்பது, முழங்கால் ஒத்துழைக்காத வயதில் பெரும் பாரம். ஐந்தறை வீடு ஏறக்குறைய 110 சதுர மீட்டர் என்றால், ஈரறை ஃபிளெக்சியின் பெரிய வகை ஏறக்குறைய 46 சதுர மீட்டர்தான். இரவில் எழுந்தால் குளியலறை நாலெட்டில் இருக்கும். ஒருவர் தடுக்கி விழுந்தால் மற்றவர் காதில் உடனே விழும். முதுமையில் இதைவிடப் பெரிய வசதி வேறில்லை என்பேன்.

ஆனால் உங்கள் கணவரின் தயக்கத்தைத் தட்டிக்கழித்துவிடாதீர்கள். பெரியவர்கள் வீட்டில்தான் குடும்பம் கூட வேண்டும் என்று இத்தனை ஆண்டுகள் இருந்தவருக்கு, விருந்தைப் பிள்ளைகளில் ஒருவர் வீட்டுக்கு மாற்றச் சற்றுக் காலம் பிடிக்கும். பிள்ளைகளே முன்வந்து அவரை அழைக்கட்டும். அதற்குள் இருவருமாகத் தோ பாயோ வீவக நடுவத்துக்குப் போய், அங்குள்ள மாதிரி வீடுகளைப் பாருங்கள். பூசை அலமாரி, மாவரைக்கும் கிரைண்டர், சீர்வரிசையாக வந்த பித்தளைப் பாத்திரங்கள் ஆகியவற்றை முன்பே அளந்து குறித்துக்கொண்டு போனால், எதை வைத்துக்கொள்வது, எதை மகளுக்குக் கொடுப்பது என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

பணக்கணக்கில் கவனம் தேவை. 55 வயதை எட்டியவர்கள் ஈரறை ஃபிளெக்சி வீட்டை 15 முதல் 45 ஆண்டுவரை, ஐந்தைந்து ஆண்டு இடைவெளியில், குறுகியகாலக் குத்தகைக்கு வாங்கலாம். ஆனால் தம்பதியரில் இளையவருக்கு 95 வயதாகும்வரையாவது குத்தகை நீடிக்க வேண்டும். உங்களுக்கு 64 என்பதால் 31 ஆண்டு தேவைப்படுகிறது, ஆகவே 35 ஆண்டுக் குத்தகை எடுக்க வேண்டியிருக்கும். அந்த வீட்டை வெளிச்சந்தையில் விற்க முடியாது. வேண்டாமென்றால் வீவகவிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். புதிய வீட்டின் சாவி கிடைத்த ஆறு மாதத்துக்குள் பழைய வீட்டை விற்றாக வேண்டும். விற்ற பணத்தில் ஒரு பகுதியை மத்திய சேமநிதி ஓய்வுக்காலக் கணக்கில் போட்டால், தகுதி இருப்பின், சிறிய வீட்டுக்கு மாறும் முதியோருக்கான சில்வர் ஹவுசிங் போனஸ் என்ற ரொக்கத் தொகையும் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டை விட்டுச்செல்ல வேண்டுமென்று கணவர் விரும்பினால், ஈசூனிலேயே மறுவிற்பனை மூவறை வீடு பாருங்கள். பேரப்பிள்ளைகள் இரவு தங்க ஓர் அறை இருக்கும். வழக்கமாகப் போகும் சந்தையும், முகம் தெரிந்த அண்டை அயலாரும், ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலும் கைவிட்டுப் போகா. விலை மலிவென்று தெரியாத பேட்டைக்கு மட்டும் போய்விடாதீர்கள்.